பூஞ்சை மேசை: அன்றும் இன்றும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த பெண்களில் நானும் ஒருத்தி. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் நாங்கள் சேர்ந்து தங்கியிருந்தோம். பயிற்சியில் எல்லோரும் ஆசைப்பட்டது ரத்தப் பிரிவுக்கும் உயிர்வேதியியல் பிரிவுக்கும்தான். காலையில் வந்த ரத்தத்துக்கு மாலைக்குள் ரிப்போர்ட் போய்விடும். வேலை செய்தோம் என்ற திருப்தி அன்றைக்கே கிடைக்கும். பூஞ்சை மேசை நுண்ணுயிர்ப் பிரிவின் கடைசியில், ஜன்னலோரமாக இருந்தது. அங்கே இன்று வைத்த மாதிரிக்கு விடை வர நாலு வாரமாகும். அதனால் விரும்பிப் போனவர்கள் குறைவு. ஆனால் இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்ட தொழிலில் பெரும்பகுதியை நான் கற்றுக்கொண்டது அந்த மேசையில்தான். அந்த மேசை அன்று எப்படி இருந்தது, இன்று என்ன ஆகியிருக்கிறது, அதில் எதை நாம் கைவிடக் கூடாது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

மேசைக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத் தமிழர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவரைப் பார்க்கலாம். எங்களுக்கு அவர் சார். அவருக்கு நாங்கள் எல்லோரும் பிள்ளைகள். முதல் சில வாரம் எந்தப் பூஞ்சைக்கும் பெயர் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். நுண்ணோக்கியில் தெரிவதைப் பென்சிலால் நோட்டில் வரைய வேண்டும். நூல் தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா? குறுக்குச் சுவர் உண்டா? கிளை எந்தக் கோணத்தில் பிரிகிறது? வித்து தனித்தனியா, சரமா, கொத்தா?

"பிள்ளை, என்ன தெரியுது?"

"ஆஸ்பெர்ஜில்லஸ் மாதிரி இருக்கு சார்."

"நான் பேர் கேட்கேல்லை. தெரியிறதைச் சொல்லும்."

அவர் அலமாரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி. வி. சுப்பிரமணியன் 1971-இல் வெளியிட்ட ஹைபோமைசீட்ஸ் என்ற பெரிய நூல் இருந்தது. மண்ணிலும் இலையிலும் வாழும் பூஞ்சைகளைப் படத்தோடு வகைப்படுத்திய நூல். நோயாளியின் மாதிரியில் என்ன வளரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, அதனால் தாவரப் பூஞ்சை நூலும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பார்.

முதல் பாடம் தோல் சுரண்டல். கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பால்மரம் சீவுகிறவர்களுக்கும் செம்பனைக் குலை இறக்குகிறவர்களுக்கும் காலெல்லாம் ஈரம். படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் லயத்துக்கு லயம் இருக்கும். முதலில் சீமையகத்தி இலையை அரைத்துப் பூசுவார்கள். மலாய்க்காரர்கள் அதைக் கெலெங்காங் என்பார்கள். அதற்கும் அடங்காதபோதுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். வட்டத்தின் நடுவில் சுரண்டினால் ஒன்றும் கிடைக்காது. பூஞ்சை உயிரோடு முன்னேறுவது ஓரத்தில். மழுங்கிய கத்தியால் ஓரத்தைச் சுரண்டி, செதிலைக் கறுப்புத் தாளில் ஏந்தி, ஸ்லைடில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப்பால் மூடி, சுடரின் மேல் லேசாகக் காட்டி எடுக்க வேண்டும். கொதிக்க விட்டால் படிகம்தான் மிஞ்சும். சற்றுப் பொறுத்தால் தோல் செல்கள் கரைந்து தெளியும். கண்டென்சரைத் தாழ்த்தி வெளிச்சத்தைக் குறைத்தால், மின்னும் நூல்கள் செல்களின் எல்லையைத் தாண்டிக் குறுக்கே ஓடுவது தெரியும். செல்களின் ஓரத்தை ஒட்டியே வலைப்பின்னலாகப் போனால் அது பூஞ்சையே இல்லை, கொழுப்புப் படிகம். புதிதாகப் பார்க்கிற யாரையும் அது ஏமாற்றிவிடும். "குறுக்கால போகுதோ, சுத்திப் போகுதோ?" என்ற ஒரே கேள்வியில் சார் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுவார்.

நுண்ணோக்கி பூஞ்சை உண்டா இல்லையா என்று சொல்லும். எந்தப் பூஞ்சை என்று சொல்ல அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். பாரிஸின் தோல் மருத்துவர் சபூரோவின் பெயர் தாங்கிய அகாரில் செதிலைப் பதித்து, தினமும் பார்த்து, நாலு வாரம் காத்திருப்போம். டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்றால் அடிப்பக்கம் பெரும்பாலும் ஒயின் சிவப்பாக மாறும். அதன் உறவான மென்டாக்ரோபைட்டிஸ் யூரியா அகாரை இளஞ்சிவப்பாக்கும். சந்தேகம் தீராவிட்டால் சிறு குழந்தையின் முடியைத் துண்டு துண்டாக வெட்டி, கிருமி நீக்கி, பூஞ்சையோடு சேர்த்து வைப்போம். மென்டாக்ரோபைட்டிஸ் அந்த முடியில் ஆப்பு அடித்ததுபோல் துளை போடும்; ரூப்ரம் போடாது. அதற்கு இன்னும் சில வாரம் பிடிக்கும்.

பெயருக்காக இவ்வளவு பாடா என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். தமிழர்களுக்கு இதை விளக்க மதுரையின் கதை போதும். 1842-இல் மதுரை மருந்தகத்தில் கில் என்ற மருத்துவர், கால் வீங்கிப் புரையோடி, புரையிலிருந்து குறுணை குறுணையாக வெளிவரும் ஒரு நோயைப் பதிவு செய்தார். உலக மருத்துவம் அதை மதுரைக் கால் என்றே அழைத்தது. பம்பாயில் பணியாற்றிய வான்டைக் கார்ட்டர் 1860-இல் அதற்கு மைசிட்டோமா என்று பெயர் வைத்தார். வெளியே பார்க்க ஒரே நோய். ஆனால் சில கால்களில் இருப்பது பூஞ்சை, சில கால்களில் இருப்பது பாக்டீரியா. பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்கும். பூஞ்சைக்கு அது எந்தப் பயனும் தராது. குறுணையை நசுக்கிப் பார்க்கத் தெரிந்த ஆள் ஆய்வகத்தில் இருந்தால் சரியான மருந்து தொடங்கும். இல்லாவிட்டால் கால் போய்விடும். ரத்தத்தில் வளரும் ஈஸ்டும் அப்படித்தான்: கேண்டிடா அல்பிகன்ஸுக்குப் பெரும்பாலும் கேட்கும் புளூகோனசோல், கேண்டிடா குரூசிக்குக் கேட்காது. ஆஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ் ஆம்போடெரிசினுக்கு மசியாது. மருத்துவரின் மருந்துச் சீட்டு எங்கள் ஸ்லைடில்தான் தொடங்குகிறது.

அந்த மேசையில் நாங்கள் கேட்டு வளர்ந்த இன்னொரு கதை மலாயாவின் கதை. 1905-ஆம் ஆண்டின் இறுதியில் பனாமாவில் சாமுவேல் டார்லிங் ஒரு தொழிலாளியின் சடலத்தைப் பரிசோதித்தபோது, செல்களுக்குள் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். அவற்றை லீஷ்மேனியா போன்ற ஒட்டுண்ணி என்று எண்ணி, ஹிஸ்டோபிளாஸ்மா என்று பெயரிட்டார். அது பூஞ்சை என்பதை 1934-இல் அமெரிக்காவின் டெமொன்புரூன் வளர்த்துக் காட்டினார். அந்த டார்லிங்தான் 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் குழுவோடு மலாயா, ஜாவா, ஃபிஜி என்று சுற்றிக் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தவர். அவர் மலாயாவை விட்டுப் போய்ப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1963-இல், ஜே. பொன்னம்பலம் மத்திய மலாயாவின் ஒரு குகை மண்ணிலிருந்து அதே ஹிஸ்டோபிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து அமெரிக்க வெப்பமண்டல மருத்துவ இதழில் வெளியிட்டார். மண்ணை உப்புநீரில் கலக்கி எலிக்குச் செலுத்தி, வாரங்கள் கழித்து அதன் ஈரலையும் மண்ணீரலையும் அகாரில் வளர்ப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்த முறை. நோய் வெளிநாட்டில் மட்டும் இருப்பதல்ல, நம் காலடி மண்ணிலேயே இருக்கிறது என்பது அதோடு உறுதியானது. தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவர் செய்த வேலை அது என்று சார் சொல்லும்போது எங்களுக்குப் பெருமையாக இருக்கும். இன்றைய பிள்ளைகளுக்கும் நான் அதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன்.

1986-இல் மலேசியாவில் முதல் எச்ஐவி தொற்று பதிவானது. அடுத்த பத்தாண்டில் பூஞ்சை மேசையின் நிலைமையே மாறிவிட்டது. பாடநூலில் மட்டும் படித்த கிரிப்டோகாக்கஸ் என்ற ஈஸ்ட், எச்ஐவியால் எதிர்ப்புச் சக்தி இழந்து கடும் தலைவலியோடு வந்த இளைஞர்களின் தண்டுவட நீரில் வரத் தொடங்கியது. ஒரு சொட்டு நீர், ஒரு சொட்டு இந்திய மை. கறுத்த பின்னணியில் ஈஸ்ட் செல்லைச் சுற்றிக் கூர்மையான வெள்ளை வளையம் நிற்கும். வெள்ளணுவைச் சுற்றியும் சில நேரம் மங்கலாக ஒரு வளையம் தெரியும். அதன் விளிம்பு கலங்கியிருக்கும், உள்ளே மொட்டும் இருக்காது. மையை மட்டும் தனியாக ஒரு ஸ்லைடில் பார்த்துவிட்டுத்தான் நோயாளியின் ஸ்லைடைத் தொட வேண்டும், ஏனென்றால் பழைய மை புட்டியிலேயே ஏதாவது வளர்ந்திருக்கலாம். அந்த ஒழுங்கு கையில் ஊற நாளாகும்.

அந்தக் காலத்தின் பெரும் குறை பாதுகாப்பு. பல ஆய்வகங்களில் பூஞ்சைத் தட்டைத் திறந்த மேசையிலேயே திறந்தார்கள். மோந்து பார்த்தவர்களும் உண்டு. தென்கிழக்காசியாவின் சொந்தப் பூஞ்சையான டாலரோமைசிஸ் மார்னெஃபீ 1956-இல் வியட்நாமின் தலாத்தில் ஒரு மூங்கில் எலியிடமிருந்து கிடைத்தது. அதை விவரித்து எழுதிய பிரெஞ்சு ஆய்வாளர் செக்ரெடைனின் விரலில் ஊசி குத்தி, அவருக்கே அந்தத் தொற்று வந்தது. மனிதருக்கு வந்த முதல் தொற்று ஆய்வகத்தில் வந்த தொற்று. 25 டிகிரியில் அது அகாருக்குள் சிவப்புச் சாயத்தை இறக்கும். 37 டிகிரியில் ஈஸ்டாக மாறி, மொட்டு விடாமல் நடுவே சுவர் எழுப்பிப் பிரியும். இன்று சந்தேகம் வந்த உடனே தட்டு பாதுகாப்புப் பெட்டிக்குள் போய்விடுகிறது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே இன்றைய காலத்தை நான் வாழ்த்துவேன்.

வேறு பல விஷயங்களிலும் இன்று முன்னேற்றம்தான். கிரிப்டோகாக்கஸுக்கு இப்போது ஒரு பரிசோதனைப் பட்டை இருக்கிறது. ரத்தத் தெளிவில் நனைத்தால் பத்து நிமிடத்தில் கோடு விழும். இந்திய மை தவறவிடும் ஆரம்பத் தொற்றையும் அது பிடித்துவிடும். ஈஸ்டின் பெயரை மால்டி-டாஃப் இயந்திரம் சில நிமிடத்தில் சொல்கிறது: லேசர் பட்டதும் கிளம்பும் புரதங்கள் பறக்கும் நேரத்தை அளந்து, தன் சேமிப்பில் இருக்கும் அளவுகளோடு ஒப்பிடுகிறது. ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து கிடைத்து 2009-இல் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ், பல மருந்துகளுக்கு அசையாமல், கட்டில் கம்பி வழியாகவும் கருவிகள் வழியாகவும் வார்டுக்குள் பரவக்கூடியது. பழைய சர்க்கரைப் பரிசோதனைகள் அதற்கு வேறு ஈஸ்டின் பெயரைக் கொடுத்துக்கொண்டிருந்தன. மலேசியாவில் ஒரு நோயாளியின் ரத்தத்தில் அது இருந்த விவரம் 2018-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று 2020-இல் பெயர் பெற்ற, டெர்பினாஃபினுக்கு அடங்காத படர்தாமரைப் பூஞ்சையை நுண்ணோக்கியை வைத்துப் பிரிக்கவே முடியாது; மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். இங்கெல்லாம் கண் மட்டும் போதாது.

இயந்திரம் மட்டும் போதாத இடமும் உண்டு. ஓய்வுக்குப் பிறகு நான் பயிற்சி கொடுக்கப் போகும் ஓர் ஆய்வகத்தில், கிள்ளானைச் சேர்ந்த ஒரு பெண் தட்டோடு வந்தாள். கையில் வரிசையாக முடிச்சு முடிச்சாகப் புண் வந்த நோயாளியின் மாதிரி அது.

"மேடம், மெஷின் பேர் குடுக்கல. திரும்பப் போடட்டுமா?"

"போடலாம்மா. அதுக்கு முன்னால ஒரு டேப் எடுத்துப் பாரேன்."

பாதுகாப்புப் பெட்டிக்குள் கையை விட்டு, ஒட்டு டேப்பைத் தட்டின் மேல் மெல்ல அழுத்தி எடுத்து, நீலச்சாயத்தில் ஒட்டிக் கொண்டுவந்தாள். நடுவிலும் இல்லாமல் ஓரத்திலும் இல்லாமல் இடைப்பட்ட வளையத்தில் எடுத்திருந்தாள். அங்கேதான் வித்துகள் சிதறாமல் இருக்கும்.

"என்ன தெரியுது?"

"நூல் ரொம்ப மெலிசா இருக்கு. நுனியில குட்டிக் குட்டியா வித்து, பூ மாதிரி சுத்தி நிக்குது."

"நோயாளி வீட்டுல பூனை இருக்கான்னு வார்டுல கேக்கச் சொல்லு."

இருந்தது. ஸ்போரோதிரிக்ஸ். 1898-இல் அமெரிக்காவில் ஷெங்க் முதலில் விவரித்த இந்தப் பூஞ்சையை மேலைநாட்டுப் பாடநூல்கள் ரோஜா முள்ளோடு சேர்த்தே சொல்லித்தரும். மலேசியாவில் நோயாளியைக் கேட்டால் பெரும்பாலும் பூனைக் கீறலைத்தான் சொல்வார்கள். இயந்திரத்தின் சேமிப்பில் இல்லாததை இயந்திரம் சொல்லாது. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தப் பூனை யாரைக் கீறுகிறது என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பெண் 37 டிகிரியில் வைத்து ஈஸ்டாக மாறுவதையும் பார்த்து உறுதி செய்த பிறகுதான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்கு ஆர்வத்தில் குறையில்லை. புத்தகத்திலும் குறையில்லை: ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டேவிட் எல்லிஸ் குழு தயாரித்த வண்ணப் படநூல் அவள் கைப்பேசியிலேயே இருக்கிறது. சட்டத்திலும் குறையில்லை: மலேசியாவின் 2016-ஆம் ஆண்டு 774-ஆவது சட்டம் ஆய்வகத் தொழில்நுட்பர்களையும் பதிவுக்குரிய தொழிலாக அங்கீகரித்திருக்கிறது. குறை நேரத்தில்தான். நாங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்த மேசைக்கு இன்று நான் போய்வரும் சில இடங்களில் ஒதுக்குவது மிகக் குறைவு. ஓரிரு வகுப்பு, சில ஆயத்த ஸ்லைடு, ஒரு தேர்வு, அவ்வளவுதான். பாக்டீரியாத் தட்டுகளோடு சேர்த்துப் பூஞ்சைத் தட்டையும் சில நாளிலேயே வீசிவிட்டு, வளர்ச்சி இல்லை என்று எழுதும் பழக்கத்தையும் பார்க்கிறேன். நாலு வாரத்தில் முளைக்க இருந்த ஹிஸ்டோபிளாஸ்மா அந்தக் குப்பைப் பையில் போகிறது. நோயாளியோ, காசநோய் என்று தவறாக நினைத்துக் கொடுத்த மாத்திரையைத் தின்றுகொண்டிருப்பார்.

இது சிறிய விஷயமல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ருக்குமணி தேவி வேலாயுதனும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கடுமையான பூஞ்சைத் தொற்று ஆண்டுதோறும் மலேசிய மக்களில் 1.93 விழுக்காட்டினரைப் பாதிக்கிறது. எண்ணிக்கையில் 5,90,000-க்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதல்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டு 19 பூஞ்சைகளை அதில் சேர்த்தது. கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், கேண்டிடா ஆரிஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், கேண்டிடா அல்பிகன்ஸ் ஆகிய நான்கும் அதன் உச்ச வரிசையில் உள்ளன. 2021-இல் கோவிட்டுக்குப் பின்னால் இந்தியாவில் கரும்பூஞ்சை பரவியபோது, மூக்கிலிருந்து எடுத்த திசுவில் அகன்ற, சுவரில்லாத நாடா போன்ற இழைகளை ஒரு மணி நேரத்துக்குள் அடையாளம் காட்டியது பழைய பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டும் பழகிய கண்ணும்தான். அந்த ஒரு மணி நேரத்தில் பலருக்குக் கண்ணும் உயிரும் மிஞ்சின.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவைதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் பயிற்சி தரும் ஒவ்வோர் ஆய்வகமும் உள்ளூர் நோயாளிகளிடமிருந்து கிடைத்த பூஞ்சைகளைச் சேமித்து வைக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. கொழும்பில் பணியாற்றி நம் பக்கத்துப் பூஞ்சைகள் பலவற்றை விவரித்த இத்தாலிய மருத்துவர் காஸ்டெல்லானி, கிருமி நீக்கிய வாலைவடி நீரில் பூஞ்சையைப் போட்டு மூடி வைத்தால் நெடுங்காலம் உயிரோடிருக்கும் என்று 1939-இலேயே காட்டிவிட்டார். வாரம் ஒரு முறை அந்தச் சேமிப்பிலிருந்து பெயரில்லாத ஒரு தட்டைப் பயிற்சியாளர் முன் வைக்க வேண்டும். வரையும் நோட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் படம் பிடிக்கும் கைப்பேசி எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குக் கற்றுத்தராது. பூஞ்சைத் தட்டை நாலு வாரம் முடியாமல் வீசக் கூடாது என்று இன்குபேட்டரின் மேல் எழுதி ஒட்ட வேண்டும். ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டால் வருவோம்.

ஆய்வகம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். புது இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்கும் அதே கூட்டத்தில், அதன் பக்கத்தில் நிற்கப்போகும் ஆளைப் பூஞ்சை மேசையில் ஆறு மாதம் உட்கார வைக்கவும் பணம் ஒதுக்குங்கள். வாசகர்களுக்கும் ஒரு சொல். வாரக்கணக்கில் காய்ச்சலோ இருமலோ தீராவிட்டால், ஆறாத புண்ணுக்கு மருந்து மேல் மருந்து மாற்றிக்கொண்டிருந்தால், பூஞ்சைக்குப் பார்த்தீர்களா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளி கேட்டால் மருத்துவர் மாதிரி அனுப்புவார். மாதிரி வந்தால்தான் அந்த மேசை உயிரோடிருக்கும்.